கண்ணீரும் மனுவும்

சிலப்பதிகாரத்தைப் பாடமாக நடத்தும் ஆசிரியர் எவரும் வழக்குரை காதைக்கு வந்து சேர்ந்ததும் தம்மையறியாமல் குரலை உயர்த்திவிடுவர். மதரஸாவில் ஓதி முடித்தபின் தமிழும் முறையாகப் பயின்று, பள்ளிக்கூடமொன்றில் தமிழாசிரியனாக அமர்ந்த நாள் முதல் நானும் அப்படித்தான் நடத்தி வந்தேன். தலைவிரி கோலமாக ஒரு பெண் அரசவைக்குள் நுழைவதும், சிலம்பு உடைவதும், மணி தெறிப்பதும், மன்னன் அரியணையில் மயங்கி வீழ்வதும் சொல்லச் சொல்ல மாணவர் கண்கள் விரியும். ஒருநாள் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "ஐயா, கண்ணகி அரண்மனைக்குத் தனியாகத்தானே போனாள்? மதுரைக்காரர்கள் ஒருத்தரும் ஏன் கூடப் போகவில்லை?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கேள்வி மனத்தை உறுத்திக்கொண்டிருந்த காலத்தில்தான், மலையாள நாட்டுத் தந்தை ஒருவர் தம் மகனைப் பற்றி எழுதிய சிறிய நூல் என் கைக்கு வந்தது.

நூலின் பெயர் 'ஒரு அச்சன்றெ ஓர்மக்குறிப்புகள்'. ஒரு தந்தையின் நினைவுக் குறிப்புகள் என்பது பொருள். தமிழிலும் அது பெயர்க்கப்பட்டிருக்கிறது. எழுதியவர் டி.வி. ஈச்சர வாரியர் என்னும் இந்திப் பேராசிரியர். அவருடைய மகன் ராஜன் கோழிக்கோடு வட்டாரப் பொறியியற் கல்லூரியில் இறுதியாண்டு மாணவன். நாட்டில் நெருக்கடி நிலை நடப்பில் இருந்த 1976ஆம் ஆண்டு, பிப்ரவரி இறுதியில் காயண்ணா என்னும் ஊரின் காவல் நிலையம் தாக்கப்பட்டது. அதையொட்டி மார்ச் 1 விடியற்காலையில் ராஜனைப் போலீசார் பிடித்துச் சென்றனர். கக்கயத்தில் அமைந்த போலீஸ் முகாமுக்கு அவனைக் கொண்டு சென்றார்கள். உலக்கை போன்ற கட்டையைத் தொடைமீது வைத்து உருட்டும் கொடுமைக்கு அந்த முகாம் பேர்பெற்றது. அங்கிருந்து ராஜன் திரும்பவில்லை. அவனுடைய உடலும் இன்றளவும் கிடைக்கவில்லை.

கல்லூரி முதல்வர் பேராசிரியர் பஹாவுத்தீன் அனுப்பிய பதிவுத் தபால் வழியாகத்தான் தந்தை இச்செய்தியை அறிந்தார். அன்றிலிருந்து அவர் நடந்த நடைதான் இந்த நூல். முகாம் வாயிலுக்குப் போகிறார், உள்ளே விடவில்லை. அமைச்சர் வீட்டுக்குப் போகிறார். பழகிய பெரியவர்களிடம் போகிறார். மாநில உள்துறைச் செயலருக்கு எழுதுகிறார். குடியரசுத் தலைவருக்கு எழுதுகிறார். நடுவணரசின் உள்துறை அமைச்சருக்கு எழுதுகிறார். கேரளத்து நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கெல்லாம் படியனுப்புகிறார். நீதிமன்றக் கதவைத் தட்டலாமென்றால் அதுவும் அடைத்துக் கிடந்தது. நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவுக்கு இடமில்லை என்று 1976 ஏப்ரல் 28இல் உச்சநீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. நெருக்கடி நிலை 1977 மார்ச் 21இல் நீங்கியது. நான்கே நாளில், மார்ச் 25இல், ஈச்சர வாரியரின் மனு கேரள உயர்நீதிமன்றத்தில் தாக்கலாகிவிட்டது. ஓராண்டாக அந்த மனிதர் எத்தகைய ஆயத்தத்தோடு இருந்திருக்கிறார் என்பதற்கு இந்த நான்கு நாள் கணக்கே சான்று.

மனு தாக்கலான அதே நாளில்தான், ராஜன் பிடிபட்டபோது உள்துறை அமைச்சராயிருந்த கே. கருணாகரன் முதலமைச்சராகப் பதவியேற்றார். ராஜனைக் கைது செய்யவேயில்லை என்று அரசுத் தரப்பு உறுதிமொழி கொடுத்தது. மாணவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். கல்லூரியைச் சேர்ந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். முகாமில் அடைபட்டிருந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். நீதிபதிகள் சுப்பிரமணியன் போற்றியும் வி. காலிதும் ஏப்ரல் 13இல் தீர்ப்பு வழங்கினர். ராஜன் போலீஸ் காவலில் இருந்தது உண்மை. அவனைக் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்றது நீதிமன்றம். நிறுத்துவதற்கு ராஜன் இல்லை. ஏப்ரல் 25இல் முதலமைச்சர் பதவி விலகினார். பிறகு நடந்த குற்ற வழக்கு நம் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. அங்கே சில அதிகாரிகளுக்குக் கிடைத்த சிறு தண்டனையும் மேல்முறையீட்டில் இல்லாமற் போயிற்று.

இவ்வளவும் நாடறிந்த வரலாறு. நூலாக இதற்குள்ள பெருமை வேறு. எழுத்தென்னும் முறையில் பார்த்தால் இதில் குறைகள் உண்டு. நிகழ்ச்சிகள் கால வரிசையில் நிற்காமல் முன்னும் பின்னுமாக வருகின்றன. சொன்னதையே மீண்டும் சொல்லுமிடங்கள் உள்ளன. முதிய தந்தை ஒருவர் திண்ணையில் அமர்ந்து, நினைவுக்கு வந்தபடி பேசுவது போன்ற நடை. ஆனால் மகனை இழந்தவரின் நினைவு வரிசையாகவா வரும்? ஓடிக்கொண்டேயிருந்து ஒரே இடத்துக்குத் திரும்புவதுதான் அந்தத் துயரத்தின் இயல்பு. ஆகவே இக்குறையை நான் பெரிதாக எண்ணவில்லை.

நூலின் உயிர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, ராஜனின் தாய் ராதாவைப் பற்றிய பகுதி. மகன் இல்லை என்பதை அந்த அம்மையாரிடம் வாய்விட்டுச் சொல்லாமலேயே கணவர் காலத்தைக் கடத்துகிறார். அம்மையாரின் மனம் பேதலித்துவிடுகிறது. முடிவு நெருங்கும் காலத்தில் சில்லறைக் காசுகள் அடங்கிய ஒரு சிறு முடிச்சைக் கணவர் கையில் கொடுத்து, மகனிடம் சேர்க்கச் சொல்கிறார். நாட்டுக்கே தெரிந்த ஒரு மரணம் அந்தத் தாய்க்கு மட்டும் தெரியாது. மற்றொன்று, நூலின் முடிவு. வெளியே மழை பெய்கிறது. இறந்த பின்னும் தம் பிள்ளையை மழையில் நிறுத்திவைத்திருப்பது ஏன் என்று தந்தை கேட்கிறார். கதவை அடைக்க அவருக்கு மனம் வரவில்லை. மழைச்சாரல் உள்ளே அடித்தால் அடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறார். மையித்தைக் குளிப்பாட்டிக் கபனிட்டு ஜனாஸா தொழுது கப்ரில் வைத்த பிறகுதான் துக்கத்துக்கு ஒரு கரை தென்படும் என்பதை நாம் அறிவோம். உடலே கிடைக்காத வீட்டில் துக்கம் கரை காணாது. ஈச்சர வாரியர் அதை விளக்கவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறார்.

இந்த வழக்கைத் தழுவியதென்று கருதப்படும் திரைப்படம் ஒன்றுண்டு. ஷாஜி என். கருண் 1988இல் எடுத்த 'பிறவி'. கேன் திரைப்பட விழா வரை சென்று பாராட்டுப் பெற்ற படம். முதிய தந்தை ஒருவர் நாள்தோறும் ஆற்றைக் கடந்து, பேருந்து நிற்கும் இடத்துக்குச் சென்று, வராத மகனுக்காகக் காத்திருக்கிறார். பிரேம்ஜி என்னும் முதுபெரும் நடிகரின் முகத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். படத்தின் கலையழகில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரு மனக்குறை உண்டு. படத்தின் தந்தை காத்திருக்கிறார்; அலைந்து அலைந்து முடிவில் சித்தம் கலங்குகிறார். உண்மைத் தந்தை காத்திருந்ததும் மெய். சித்தம் கலங்காமல் சாட்சிகளைத் தேடிப்போனதும், வழக்கறிஞரின் அறையில் காகிதங்களை அடுக்கியதும், பதவியிலிருந்தவர்களை நீதிமன்றத்தில் பதில் சொல்ல வைத்ததும் அதேபோல் மெய். கலை அந்தப் பாதியை விட்டுவிட்டது. கண்ணீரை எடுத்துக்கொண்டது, மனுவை விட்டுவிட்டது.

இது அந்தப் படத்துக்கு மட்டும் உரிய குறையன்று. நம் இலக்கிய இரசனையின் பழைய குறை. சிலப்பதிகாரத்தையே பாருங்கள். கோவலன் கொலை என்பது என்ன? அரசனுடைய காவலர் கையில் சிக்கிய ஒருவன், விசாரணையின்றி, அவர்கள் பிடியிலேயே கொல்லப்பட்டான். பொற்கொல்லன் ஒருவனின் சொல்லே ஆதாரம். அரசன் ஊடல் தீர்க்கப்போகும் அவசரத்தில் ஆணையிட்டுவிட்டான். காவலருள் சிலர் தயங்கினார்கள்; இவன் முகம் கள்வன் முகமாக இல்லையே என்று ஒருவன் ஐயுற்றான். ஆயினும் கல்லாத ஒருவன் வாளை ஓங்கிவிட்டான். இன்று இதற்குக் காவல் மரணம் என்று பெயர். இளங்கோவடிகள் தயங்கிய காவலர்களையும் மறக்காமல் எழுதியிருக்கிறார் என்பது நாம் கூர்ந்து நோக்கத்தக்கது. கொடுமை நிகழுமிடத்தில் இருந்த அனைவரும் கொடியவராயிருப்பதில்லை. தயங்கியவர்கள் தடுக்காததால்தான் கொலை நடந்தேறுகிறது.

கண்ணகி அவைக்குள் சென்றபின் நடப்பதையும் ஊன்றிப் படிக்க வேண்டும். நாம் அவள் கோபத்தையே பாராட்டிப் பழகிவிட்டோம். அவள் கொண்டுவந்ததோ வாதமும் சான்றும். தன் ஊரைச் சொல்கிறாள், குலத்தைச் சொல்கிறாள், கணவன் பெயரைச் சொல்கிறாள். தன் சிலம்பின் உள்ளீடு மாணிக்கம் என்கிறாள். தங்கள் சிலம்பில் உள்ளது முத்து என்று மன்னன் ஒப்புக்கொள்கிறான். பிறகே காவலரிடமிருந்து சிலம்பு வரவழைக்கப்பட்டு அனைவர் முன்னும் உடைக்கப்படுகிறது. இருதரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட சோதனை அது. தீர்ப்பு மன்னன் வாயிலிருந்தே வருகிறது. தன் பிழையை அறிக்கையிட்டு அந்த இடத்திலேயே உயிர்விடுகிறான். பாண்டியன் தவறிழைத்த அரசன்தான். ஆனால் சிலம்பு எங்களிடம் வரவேயில்லை என்று அவன் உறுதிமொழி கொடுக்கவில்லை. கக்கயம் வழக்கைப் படித்தபின் இக்காதையைப் படிப்பவர்க்கு அவன்மீது மதிப்பு கூடுமேயன்றிக் குறையாது.

இனி அந்தப் பையனின் கேள்வி. மதுரை மக்கள் கண்ணகியைக் காணாமலில்லை. ஊர்சூழ்வரியில் அவர்கள் அவளைக் கண்டு வருந்துகிறார்கள். வளையாத செங்கோல் வளைந்துவிட்டதே என்று தமக்குள் புலம்புகிறார்கள். அடைக்கலம் தந்த மாதரி உட்பட ஆயர் சேரிப் பெண்கள் அவளுக்காக உருகுகிறார்கள். ஆனால் அரண்மனை வாயில்வரை ஒருவரும் உடன்செல்லவில்லை. பிறகு தீ வருகிறது. அறவோரையும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுத் தீத்திறத்தார் பக்கம் சேர்க என்று அவள் தீயை ஏவுகிறாள். யார் அந்தத் தீத்திறத்தார்? பொற்கொல்லன் ஒருவனுக்காக ஒரு மாநகரம் எரிய வேண்டியதில்லை. கண்டும் உடன்செல்லாதவர்களையும் காப்பியம் கணக்கில் சேர்க்கிறதோ என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. உரையாசிரியர் எவரும் இப்படிச் சொன்னதாக நானறியேன். பையனின் கேள்விக்கு என்னால் இயன்ற விடை இதுதான்.

மனு என்றால் அது இலக்கியமாகுமா என்று கேட்பவர்க்கு இரு செய்திகள் சொல்வேன். ஒரிஸ்ஸாவில் 1987 டிசம்பரில் 22 வயது இளைஞன் ஒருவன் போலீசாரால் கொண்டுசெல்லப்பட்டான். மறுநாள் அவன் உடல் இரயில் பாதையில் கிடந்தது. தப்பி ஓடினான் என்றது போலீஸ். அவன் தாய் நீலபதி பெஹேரா 1988இல் உச்சநீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. 1993இல் வந்த தீர்ப்பு, அரசு அந்தத் தாய்க்கு ஒன்றரை இலட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்றதோடு, குடிமகனின் அடிப்படை உரிமை பறிக்கப்பட்டால் அரசே பொறுப்பு என்ற கொள்கையையும் நிலைநாட்டிற்று. வங்காளத்தில் சட்ட உதவி அமைப்பொன்றின் தலைவராயிருந்த டி.கே. பாசு 1986இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதம் மற்றொன்று. அதன் பயனாக 1996இல் வந்த தீர்ப்புத்தான், கைதாகும்போது உறவினருக்குச் செய்தி சொல்ல வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி கையொப்பம் வேண்டும், மருத்துவச் சோதனை வேண்டும் என்னும் பதினொரு விதிகளை வகுத்தது. ஒரு கடிதம் பல்லாயிரம் பேரைக் காக்குமானால், நல்ல உரைநடை செய்யவேண்டிய பணியை அது செய்துவிட்டதல்லவா?

அரபு நூல்களில் ஓதியவனுக்கு இவ்விடத்தில் ஒரு கிதாபு நினைவுக்கு வராமற் போகாது. இமாம் அபூ யூசுப் (ரஹ்) அவர்கள் கலீபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய 'கிதாபுல் கராஜ்'. வரி வருவாய் பற்றிய அந்நூலில் சிறைவாசிகளுக்கென ஒரு பகுதியை இமாமவர்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். சிறைவாசிக்கு உணவுச் செலவும் கோடை, குளிர்காலங்களுக்கு உரிய உடையும் பைத்துல்மாலிலிருந்து தரவேண்டும். விலங்கோடு தெருவில் பிச்சையெடுக்க விடக்கூடாது. அடித்து வாங்கிய ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்கிறார்கள். உறவினரற்ற கைதி சிறையில் இறந்தால் மையித்து ஓரிரு நாள் அப்படியே கிடக்க, மற்றக் கைதிகள் காசு சேர்த்து அடக்க நேர்கிறதென்று கேள்விப்பட்டு வருந்தி, குளிப்பாட்டவும் கபனிடவும் அடக்கவும் பைத்துல்மாலே செலவிட வேண்டுமென்று கலீபாவுக்கு நேராக எழுதுகிறார்கள். இதை எழுதியவரின் ஆசான் இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150இல் பக்தாதுச் சிறையிலேயே மௌத்தானார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. ஆசானை அவ்வாறு இழந்த மாணவர், அழுது தீர்த்ததோடு நில்லாமல் ஆட்சியாளருக்கு விதிகளாக எழுதினார். அதுவும் ஒரு மனுதான்.

இந்தப் பாடங்களையெல்லாம் ஓதியிருந்தும் நான் செய்த ஒரு பிழையை இங்கே சொல்லியாக வேண்டும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் மகனை விசாரணைக்கென்று அழைத்துச் சென்றார்கள். மூன்றாம் நாள் மையித்தாகக் கொடுத்தார்கள். ஜனாஸாவுக்குப் போனேன், துஆ ஓதினேன், வந்துவிட்டேன். பத்து நாள் கழித்து அவன் தாயார் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "அஜரத்து, நாலு எழுத்துத் தெரிஞ்சவங்க நீங்கதான். கலெக்டருக்கு ஒரு மனு எழுதித் தாங்க" என்று கேட்டார். "அதெல்லாம் வக்கீல் எழுத வேண்டியது உம்மா. நீங்க ஸபூர் செய்யுங்க, அல்லாஹ் பார்த்துக்குவான்" என்று சொல்லி அனுப்பினேன். அன்று என் உள்ளத்தில் இருந்தது பொறுமையன்று, அச்சம். போலீஸ் விவகாரத்தில் நம் கையெழுத்து எதற்கு என்ற அச்சம். அந்தத் தாயார் பிறகு வரவில்லை. சில ஆண்டுகளில் மௌத்தாகிவிட்டார். மனு எழுதப்படவேயில்லை.

ஈச்சர வாரியரின் நூலை வாசிக்கும்போது அந்த உம்மாவின் முகமே பக்கத்துக்குப் பக்கம் வந்தது. ஸபூர் என்ற சொல்லை நான் அன்று எவ்வளவு மலிவாகச் செலவிட்டேன்! யஃகூப் நபி (அலை) அவர்களின் பொறுமையை அழகிய பொறுமை என்று மேடையில் பேசுகிறோம். அழுதழுது கண்பார்வை மங்கிய அதே தந்தைதான், யூசுபையும் அவர் சகோதரரையும் தேடிப்போங்கள், நம்பிக்கை இழக்காதீர்கள் என்று மற்ற மக்களை அனுப்பினார். தேடுவது பொறுமைக்கு மாறானதன்று. யூசுப் நபியோ, சிறையிலிருந்து வெளியே வர அரசனின் அழைப்பு வந்தபோதும் உடனே வரவில்லை. முதலில் அந்தப் பெண்களின் விவகாரத்தை விசாரியுங்கள் என்று தூதரைத் திருப்பி அனுப்பினார். விடுதலையைவிட விசாரணை முதன்மையானது என்று கருதிய சிறைவாசி அவர். இத்தனையும் ஓதியவன் ஒரு தாய்க்கு நான்கு வரி எழுதித் தரவில்லை.

இன்று சட்டம் ஏட்டளவிலேனும் முன்னேறியிருக்கிறது. காவலில் நேரும் மரணத்தை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென்று தேசிய மனித உரிமை ஆணையம் 1993இலேயே பணித்தது. நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டுமென்ற விதி 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்து, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஆனால் விதி தானாக நடந்து வீட்டுக்கு வராது. துக்க வீட்டில் இருப்பவர்க்கு விதியின் பெயரும் தெரியாது. பிரேதப் பரிசோதனை அறிக்கையின் படி ஒன்றைக் கேட்டு வாங்க ஒருவர் வேண்டும். நடுவர் முன் போகும் நாளில் கூடப்போக ஒருவர் வேண்டும். காகிதங்களைப் பத்திரமாகக் கட்டிவைக்க ஒருவர் வேண்டும். உழைத்துப் போட்டவன் போன வீட்டில் உலை வைக்கவும், பிள்ளையின் பள்ளிச் சம்பளம் கட்டவும் நாலுபேர் வேண்டும். மூன்றாம் நாள் ஃபாத்திஹாவோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை; அந்தக் குடும்பத்தின் அலைச்சல் அதன்பிறகே தொடங்குகிறது. இழப்பீடு வாங்கினால் இரத்தத்தை விற்றதாகுமோ என்று தயங்குவோரும் உண்டு. ஈச்சர வாரியர் தமக்குக் கிடைத்த இழப்பீட்டைக் கொண்டு எர்ணாகுளம் அரசு மருத்துவமனையில் மகன் பெயரால் ஒரு வார்டு அமைக்கச் செய்தார் என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

ஈச்சர வாரியர் 2006 ஏப்ரல் 13இல் மறைந்தார். உயர்நீதிமன்றம் அவர் மனுவின்மீது தீர்ப்பளித்த அதே தேதி. இடையே 29 ஆண்டுகள். அவர் கேட்ட கேள்விக்கு, மகன் எங்கே என்ற அந்த ஒரே கேள்விக்கு, முழு விடை கிடைக்கவில்லை. ஆனால் கேள்வி நூலாக நிலைத்துவிட்டது. வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு அதை வாங்கிக் கொடுங்கள். பெரியவர்களும் உடனிருந்து வாசியுங்கள். வாசித்து அழுவதோடு நிறுத்திவிட வேண்டாம். உங்கள் தெருவில் அப்படியொரு தாய் வந்து நின்றால், பேனாவை எடுத்துக்கொண்டு அவருடைய மகனின் பெயரிலிருந்து எழுதத் தொடங்குங்கள். நான் எழுதாத மனு அது.